சென்னை வீட்டில் செடி வளர்க்கும் சிறு மீன்தொட்டி: நீரும் வெயிலும் அறிந்து பராமரிக்கும் முறை

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி கணக்கின்படி 54 லிட்டர் கொள்ளும். அடியில் பரப்பிய மண், நடுவே வைத்த மரவேர், கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக, அதில் உண்மையில் நிற்கும் நீர் 40 முதல் 45 லிட்டர்தான். கடைகளில் இரண்டடித் தொட்டி என்று சொல்லப்படும் இந்த அளவைத்தான் வீடுகளில் அதிகம் பார்க்கிறோம் என்பதால், கீழே சொல்லும் அளவுகளெல்லாம் இத்தகைய தொட்டிக்கு, அதிலும் செடிகள் நிறையவும் மீன்கள் குறைவாகவும் உள்ள செடித்தொட்டிக்கு உரியவை.

சிறிய தொட்டி என்றால் வேலை குறைவு என்று நினைத்தே பலரும் அதை வாங்குகிறார்கள். ஆனால் நீரின் அளவு குறையக் குறைய, அதில் நேரும் மாற்றங்கள் விரைவாகவும் கடுமையாகவும் நேர்கின்றன. ஒரு சிட்டிகை கூடுதல் தீனி, செடிக்குப் பின்னால் செத்துக் கிடந்த ஒரு நத்தை, மே மாத நடுப்பகல் வெப்பம் ஆகியவற்றை 300 லிட்டர் தொட்டி பொறுத்துக்கொள்ளும். 40 லிட்டர் தொட்டி இரண்டு நாளில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சிறிய தொட்டிக்கு வேண்டியது எப்போதாவது செய்யும் பெரிய சுத்தம் அன்று, வாரந்தோறும் தவறாமல் செய்யும் சிறிய சுத்தமே.

மாதம் ஒருமுறை மீன்களை வாளிக்கு மாற்றி, நீர் முழுவதையும் கொட்டி, கற்களையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்பும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தொட்டி அன்று பளபளவென்று இருக்கும். அடுத்த சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். இதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பு முறையில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

மீனின் கழிவு, மிஞ்சிய தீனி, அழுகிய இலை ஆகிய மூன்றிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அளவோடு இருக்கும்வரை தீங்கு செய்யாது. செடிகளுக்கு அதுவே உணவு. இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதந்து திரிவதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்சிலும், மண்ணிலும், கல்லின் மேற்பரப்பிலும் ஒட்டி வாழ்வதே அதிகம். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்நீரில் எல்லாவற்றையும் ஒரே நாளில் தேய்த்துக் கழுவினால், இத்தனை வாரம் வளர்ந்தது ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது.

சென்னையில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் ஒன்றுதான் செவுள் வழியாக எளிதில் உட்புகுந்து மீனைக் கொல்கிறது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அந்தக் கொடிய வடிவத்தின் பங்கும் கூடுகிறது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவான பிஎச் 7, வெப்பம் 25 டிகிரி என்னும் நிலையில் மொத்த அம்மோனியாவில் அது அரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பிஎச் 8, வெப்பம் 30 டிகிரி என்றால் ஏழு விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரும் கோடை வெயிலும் சேரும் சென்னை வீட்டில் இரண்டாவது நிலையே இயல்பு. குளிர்நாட்டுக் கையேடுகள் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் சிறு கவனக்குறைவை இங்கே பொறுத்துக்கொள்ள முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த நீரை ஊற்றுவது

பராமரிப்பு என்றதும் பெரும்பாலோர் கேட்பது எதை எப்படித் தேய்ப்பது என்பதைத்தான். தொட்டியிலிருந்து எதை எடுக்கிறோம் என்பதைவிட அதில் எதை ஊற்றுகிறோம் என்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. இந்நகரத்தில் ஒரே வீட்டுக்குள் மூன்று நான்கு வகை நீர் வருகிறது. மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகிய மூன்றும் அடுக்ககத்தின் சம்ப்பில் ஒன்றாகக் கலந்து மேலேறுவதும் உண்டு. சென்ற வாரம் குழாயில் வந்த நீரும் இந்த வாரம் வரும் நீரும் ஒன்றாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி டிடிஎஸ் மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இக்கருவி, நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை நொடியில் காட்டிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. சென்னையின் நிலத்தடி நீரில் இந்த அளவு தெருவுக்குத் தெரு மாறுபடுகிறது. செடித்தொட்டிக்கு 150 முதல் 300 வரை இருந்தால் நல்லது. 400 வரை பெரும்பாலான செடிகள் ஏற்றுக்கொள்ளும். டிடிஎஸ் மீட்டர் குளோரினையோ அம்மோனியாவையோ காட்டாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதற்குத் தனிச் சோதனைப் பெட்டிகள் உண்டு.

மெட்ரோ நீர் ஏரிகளிலிருந்து வருவதாயின் உப்பு குறைவாகவே இருக்கும், ஆனால் குளோரின் இருக்கும். வீட்டுக்குழாயை எட்டும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அதே தரநிர்ணயத்தின் விதி. மனிதருக்குப் பாதுகாப்பு தரும் அந்தச் சிறிய அளவே மீனின் செவுளை அரிப்பதற்கும் ஃபில்டரின் பாக்டீரியாவைக் குறைப்பதற்கும் போதுமானது. வாய் அகன்ற வாளியில் 24 மணி நேரம் வைத்திருந்தால் குளோரின் வெளியேறிவிடும்; ஏர் பம்ப்பின் கல்லை அதில் போட்டுவைத்தால் இன்னும் விரைவாகப் போகும். அவசரமென்றால் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கப்படும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலைப் புட்டியில் குறித்துள்ள அளவுக்குச் சேர்க்கலாம். நீரை வாளியில் தேக்கிவைக்கும்போது பருத்தித் துணியால் வாயைக் கட்டுவது கட்டாயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடி வருவது இப்படி வீட்டுக்குள் திறந்து கிடக்கும் தெளிந்த நீரைத்தான்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் கவலை இல்லை. உப்பும் கடினத்தன்மையும்தான் சிக்கல். இதற்குச் சமையலறை ஆர்.ஓ. நீரைக் கலப்பது எளிய தீர்வு. கிணற்று நீர் 800, ஆர்.ஓ. நீர் 50 என்று மீட்டர் காட்டினால், ஒரு பங்கு கிணற்று நீருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. நீர் சேர்க்கும்போது 300 வரும். ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுவது தவறு. செடிக்கும் மீனுக்கும் வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் மிகக் குறைவு, பிஎச் மதிப்பும் நிலையாக நிற்காது. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு செறிந்திருப்பதால் அது தொட்டிக்கு ஆகவே ஆகாது.

அடுக்ககங்களில் வசிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல அடுக்ககங்களில் நீரை மென்மையாக்கும் பொதுக்கருவி வைத்திருக்கிறார்கள். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. குழாயில் வெள்ளைப் படிவு நின்றுவிடும், சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் டிடிஎஸ் அப்படியேதான் இருக்கும், செடிக்கு வேண்டியது போய் வேண்டாதது வந்திருக்கும். உங்கள் குடியிருப்பில் அப்படியொரு கருவி உள்ளதா என்று பராமரிப்பாளரிடம் கேட்டு, இருந்தால் அதற்கு முந்தைய குழாயிலிருந்து நீர் பிடியுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சுத்தமான மாடியில் முதல் இரண்டு மழைகளை விட்டுவிட்டு, அதன்பின் பெய்வதைப் பாத்திரத்தில் நேராகப் பிடித்தால் ஆர்.ஓ. நீருக்கு ஈடான மென்னீர் கிடைக்கும். அதையும் தனியே ஊற்றாமல் கலந்தே ஊற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை செய்ய வேண்டியவை

வாரந்தோறும் நீரில் நான்கில் ஒரு பங்கை, அதாவது பத்து லிட்டரை ஒட்டிய அளவை மாற்றினால் போதும், ஒரு வாளிதான். மீன் கூடுதலாக இருந்தாலோ தொட்டி புதிதாக இருந்தாலோ மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். ஒரே நாளில் பாதிக்கு மேல் மாற்றுவதை அவசரநிலைக்கு ஒதுக்கிவையுங்கள்.

வேலைகளின் வரிசை முக்கியம். எல்லா மின்கருவிகளையும் நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கையை நீருக்குள் விட வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை அணிய வேண்டும். மீன்தொட்டி நீரிலிருந்து காயத்துக்குள் புகும் ஒருவகை மைக்கோபாக்டீரியம் மாதக்கணக்கில் ஆறாத தோல்நோயை உண்டாக்குவது மருத்துவர்கள் அறிந்ததே. கையில் சோப்போ கிருமிநாசினியோ ஒட்டியிருக்கக் கூடாது.

முதலில் செடிகளைக் கத்தரியுங்கள். பிறகு கண்ணாடியின் உட்புறத்தைச் சுரண்டுங்கள். மென்பாசிக்குப் புது ஸ்பாஞ்ச் போதும், கெட்டியாக ஒட்டிய பச்சைப் புள்ளிகளுக்குப் பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பு நன்றாக உதவும். பாத்திரம் தேய்த்த நார் எதையும் தொட்டிக்குள் விடாதீர்கள். அடுத்து, இலைகள்மேல் படிந்த கசடு எழும்பும்படி கையால் நீரை மெல்ல விசிறுங்கள். இவ்வளவும் செய்து, கசடு மிதக்கும் நேரத்தில்தான் நீரை உறிஞ்சி எடுக்கத் தொடங்க வேண்டும். நீரை எடுத்துவிட்டுப் பிறகு சுரண்டினால், சுரண்டியதெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும்.

உறிஞ்சுவதற்கு அரை அங்குலம் உள்விட்டமுள்ள ஒளிபுகும் குழாய் போதும். குழாய் முழுவதும் நீர் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மற்றதைக் கீழே உள்ள வாளியிலும் விட்டுத் திறந்தால் நீர் தானாக இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம். தொட்டிக்குள் இருக்கும் முனையில் கொசுவலைத் துண்டைக் கட்டினால் குஞ்சுகளும் இறால்களும் தப்பும். வெறும் கூழாங்கல் தொட்டியில் குழாயைக் கல்லுக்குள் ஆழமாகக் குத்தி அழுக்கை எடுப்பது சரி. செடித்தொட்டியில் அப்படிச் செய்யக் கூடாது. அடிமண்ணில் உள்ள கசடு செடிகளின் வேருக்கு உரம், கலக்கினால் வேரும் அறும், நீரும் கலங்கும். மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே குழாயை நகர்த்தி, மேலே கிடக்கும் கழிவையும் உதிர்ந்த இலையையும் மட்டும் எடுத்தால் போதும். செடியில்லாத முன்பகுதியில் மணல் இருந்தால் அங்கு மட்டும் சற்று அழுத்தலாம்.

புது நீரை ஊற்றும் முன் அதன் வெப்பத்தைத் தொட்டி நீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இரண்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மாடித் தொட்டியிலிருந்து பிற்பகலில் வரும் நீர் கையைச் சுடும். அந்த நாட்களில் விடியற்காலையில் பிடித்து வீட்டுக்குள் நிழலில் வைத்த நீரையே பயன்படுத்த வேண்டும். மண் குழியாமல் இருக்க, ஒரு தட்டை மண்ணின்மேல் வைத்து, மக்கால் மெதுவாக அதன்மேல் ஊற்றுங்கள். மேல்விளிம்பில் கண்ணாடிமீது படியும் வெள்ளைக் கோடு கடின நீரின் சுண்ணப் படிவு. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் வினிகர் நனைத்த துணியால் துடைத்து, பின் நல்ல நீரால் துடைத்தால் அது போய்விடும். கண்ணாடிக்கு வெளியேயும் ஈரத்துணிதான். கண்ணாடி துடைக்கும் தெளிப்பானைத் தொட்டியருகே கொண்டுவராதீர்கள்.

இடைப்பட்ட நாட்களில் நீர் ஆவியாகிக் குறைந்தால், குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்ற வேண்டும். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. மீண்டும் கிணற்று நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் சில மாதங்களில் டிடிஎஸ் இரு மடங்காகிவிடும்.

ஃபில்டர்

ஃபில்டரைக் கழுவுவதற்கு விதி ஒன்றுதான்: தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே கழுவ வேண்டும். வாளியில் இறக்கிய நீரில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தால் அடைப்பு நீங்கும். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும். இதையும் வாரந்தோறும் செய்ய வேண்டாம், நீரோட்டம் குறைந்தது தெரியும்போது செய்தால் போதும். செடித்தொட்டியில் இது மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும். இரண்டு ஸ்பாஞ்சுகள் இருந்தால் ஒரு மாதம் ஒன்று, மறுமாதம் மற்றொன்று. ஸ்பாஞ்ச் நைந்து புதிது போட வேண்டி வந்தால், புதியதைப் பழையதோடு ஒரு மாதம் சேர்த்து ஓடவிட்டுப் பிறகே பழையதை எடுங்கள். மோட்டாருக்குள் சுழலும் காந்தச் சக்கரத்தில் கடின நீர் சுண்ணத்தைப் படியவைக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் இரைச்சல் நிற்கும்.

பாசி ஏன் வருகிறது

பாசி வந்ததும் மருந்து தேடுவதே வழக்கமாக இருக்கிறது. எந்தப் பாசி என்று பார்த்தால் காரணம் தெரியும். காரணத்தை நீக்காமல் போடும் மருந்து சில வாரங்களுக்குமேல் உதவாது.

புதுத் தொட்டியில் முதலிரண்டு மாதங்களில் இலைமேலும் கண்ணாடிமேலும் படியும் பழுப்புப் படலம் டயட்டம் வகை. விரலால் துடைத்தால் வரும். தொட்டி முதிர்ந்ததும் தானே மறையும். நீரே பச்சையாக மாறுவது மிதக்கும் நுண்பாசியால். பெரும்பாலும் சன்னல் வெயில் தொட்டிமேல் விழுவதும் அம்மோனியா கூடியதும் அதற்குக் காரணம். விளக்கை அணைத்து, தொட்டியைக் கெட்டித் துணியால் மூன்று நாள் மூடி, ஏர் பம்ப்பை ஓடவிட்டு, நான்காம் நாள் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நூல்நூலாக வளரும் பச்சைப் பாசி, ஒளி கூடுதலாகவும் செடி குறைவாகவும் இருப்பதைச் சொல்கிறது. பழைய பல்துலக்கியில் சுற்றி எடுத்துவிட்டு ஒளிநேரத்தைக் குறைக்க வேண்டும்.

கருந்தாடிபோல் மரவேர்களிலும் அனுபியாஸ் இலை விளிம்புகளிலும் ஒட்டி வளரும் சிவப்புப் பாசி வகைதான் மிகவும் பிடிவாதமானது. கரியமில வாயு அளவு ஏறியிறங்கும் தொட்டிகளிலும், கசடு தங்கிய தொட்டிகளிலும் இது அதிகம். பாதிக்கப்பட்ட இலைகளை வெட்டி எறிவதே சிறந்தது. கல்லிலும் மரத்திலும் இருந்தால் அவற்றை வெளியே எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் பூசி, ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவித் திரும்ப வையுங்கள்; சில நாளில் பாசி சிவந்து வெளுத்துச் சாகும். செடிகளுக்கென்று திரவக் கார்பன் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு. அது பாசியைக் கொல்லும்தான், ஆனால் வாலிஸ்நேரியா போன்ற செடிகளையும் வாட்டும், கையிலும் கண்ணிலும் படக் கூடாதது.

நீலப்பச்சையாகக் கொழகொழவென்று விரிப்புபோல் பரவி, எடுத்து முகர்ந்தால் சேற்று நாற்றம் அடிப்பது பாசியே அன்று, அது சயனோபாக்டீரியா. நீரோட்டம் எட்டாத மூலைகளில் தொடங்கும். குழாயால் உறிஞ்சி எடுத்து, மூன்று நாள் இருட்டடிப்பு செய்து, ஃபில்டரின் முகத்தை அந்த மூலைப்பக்கம் திருப்புங்கள். சிலர் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொல்வதை நான் ஏற்பதில்லை. வேண்டிய பாக்டீரியாவும் அதில் சாகக்கூடும், மருந்து கலந்த அந்த நீர் கடைசியில் சாக்கடைக்குத்தான் போகிறது.

விளக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரத்தில் தொடங்கி, செடிகள் அடர்ந்த பின் 8 மணி நேரத்துக்கு மிகாமல் எரிய வேண்டும். டைமர் பிளக் வாங்கிப் பொருத்துவது இந்தப் பொழுதுபோக்கில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு என்பேன்.

கடைகளில் டேங்க் கிளீனர் என்று கொடுக்கும் சக்கர் மீனைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வாங்கும்போது விரல் நீளம் இருக்கும் அந்த மீன் ஓரடிக்கு மேல் வளரும். செடிகளைப் பிடுங்கிப்போடும், மற்ற மீன்களைவிடக் கூடுதலாகக் கழிவிடும். இரண்டடித் தொட்டியில் அதற்கு இடமே இல்லை. பாசி தின்ன வேண்டுமென்றால் நெரைட் நத்தைகளும் செர்ரி இறால்களும் போதும்.

செடிகள்

நீர்ப்பிரம்மி, ரொட்டாலா, ஹைட்ரில்லா போன்ற தண்டுச்செடிகள் வேகமாக வளரும். அவற்றின் மேற்பாதியைக் கணுவுக்குக் கீழே வெட்டி மண்ணில் நட்டால் அதுவே புதுச்செடியாகும். அடிப்பகுதி வெளுத்திருந்தால் பிடுங்கிவிடலாம். கிரிப்டோகோரைன் செடியில் வாடிய இலையை அடியோடு கிள்ள வேண்டும். இடம் மாற்றியதும் அதன் இலைகள் கரைந்துபோவது இயல்பு. வேர் உயிரோடு இருக்கும், சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும் என்பதால் பிடுங்கி எறிய வேண்டாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிடைத்தண்டையும் மண்ணில் புதைக்காமல் கல்லிலோ மரத்திலோ கட்ட வேண்டும், புதைத்தால் அழுகிவிடும். ஜாவா பாசிச்செடியை வெட்டும்போது துணுக்குகள் சிதறி ஃபில்டரை அடைக்கும், அருகிலேயே வலையை வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

உரக்குறையை இலையே சொல்லும். புதுத்துளிர் வெளிறினால் இரும்புச்சத்து குறைவு. பழைய இலைகள் மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. பழைய இலைகளில் ஊசித்துளைகள் விழுந்து அவற்றின் ஓரம் மஞ்சளித்தால் பொட்டாசியம் குறைவு. மீன்தொட்டிச் செடிகளுக்கென்று விற்கும் திரவ உரத்தைக் குறிப்பிட்ட அளவில் பாதியிலிருந்து தொடங்கலாம். மாடித்தோட்டத்துக்கு வாங்கிய யூரியாவையும் டி.ஏ.பி.யையும் மீன் உள்ள தொட்டியில் போடக் கூடாது. இரண்டும் அம்மோனியாவைத் தரக்கூடியவை. மீன் சோர்ந்தால் கல்லுப்பு போடுங்கள், நீல மருந்து ஊற்றுங்கள் என்று கடையில் சொல்வார்கள். செடியும் பாக்டீரியாவும் உள்ள தொட்டியில் இவை இரண்டும் வேண்டாம்; நோயுற்ற மீனைத் தனி வாளிக்கு மாற்றி, அங்கே மருத்துவம் பாருங்கள்.

கொளத்தூரிலோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ வாங்கிவரும் புதுச்செடியோடு நத்தை முட்டையும் வரும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி படிகாரம் கரைத்து, இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் இருமுறை அலசி நடுங்கள். படிகாரம் தொட்டி நீரில் சேரக் கூடாது. மீன் வாங்கும்போது உங்கள் நீரின் டிடிஎஸ் அளவைச் சொல்லி, கடைக்காரரின் தொட்டியில் எவ்வளவு என்றும் கேளுங்கள். கடின நீர் மட்டுமே கிடைக்கும் வீட்டில் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை தழைக்கும். நீரோடு போராடி வேறு மீன் வளர்ப்பதைவிட நீருக்கேற்ற மீனைத் தேர்வது நல்லது. பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையில் சேர்த்து, பின் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

கோடை

அக்கினி நட்சத்திர நாட்களில் குளிரூட்டி இல்லாத அறையில் தொட்டி நீர் 32, 33 டிகிரியைத் தொடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் அளவுக்குக் கரையக்கூடிய ஆக்சிஜன், 32 டிகிரியில் 7.3 ஆகக் குறைகிறது. அதே வேளையில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. இரவில் செடிகளும் ஆக்சிஜனை உட்கொள்வதால் விடியலுக்குச் சற்று முன்புதான் அது மிகக் குறைவாக இருக்கும். காலையில் எழுந்ததும் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்பதைக் கண்டால் காரணம் இதுவே. இரவு முழுவதும் ஏர் பம்ப் ஓடட்டும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வீசவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடற்காற்றின் ஈரம் மிகுந்த நாட்களில் இந்தப் பயன் குறையும். பனிக்கட்டி போடுவது வேண்டாம். இறங்கும் வேகமும் மீண்டும் ஏறும் வேகமும் வெப்பத்தைவிடக் கெடுதல். விளக்கு நேரத்தை மாலைக்கு மாற்றி, தீனியைப் பாதியாக்குங்கள். நியான் டெட்ராவையும் தங்கமீனையும் இந்த வெப்பத்தில் இத்தனை சிறிய தொட்டியில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்தடையும் கொசு மருந்தும்

2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. யு.எஸ்.பி. ஏர் பம்ப் ஒன்றும் நிறைந்த பவர் பேங்க் ஒன்றும் அக்டோபரிலேயே தயாராக இருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதில் இணைத்தால் காற்றும் கிடைக்கும், பாக்டீரியாவும் பிழைக்கும். அதுவும் இல்லையென்றால் மக்கால் நீரை மொண்டு அரையடி உயரத்திலிருந்து மணிக்கொரு முறை ஊற்றிக்கொண்டிருங்கள். மின்சாரம் வரும்வரை தீனி வேண்டாம். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். மூடிய பெட்டி வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பிறகே ஓட்டுங்கள்.

கொசுவிரட்டித் திரவம், சுருள், பூச்சித் தெளிப்பான் ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அறைக்காற்றை இழுத்து நேராக நீருக்குள் செலுத்துகிறது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. தொட்டி உள்ள அறையில் இவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. தெருவில் புகைமருந்து அடிக்க வரும்போது சன்னலைச் சாத்தி, பம்ப்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை கலைந்த பிறகு திறந்துவிடுங்கள். சாம்பிராணி போடுவதையும் வேறு அறையில் வைத்துக்கொள்ளலாம்.

வெளியேற்றுபவை

வாளியில் எடுத்த பழைய நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உள்ளதால் துளசிக்கும் மாடித்தோட்டத்துக்கும் அது நல்ல உரநீர். உப்போ மருந்தோ சேர்த்த நீரை மட்டும் செடிகளுக்கு ஊற்றக் கூடாது. வெட்டிய செடித்துண்டுகளை வடிகாலிலோ ஏரியிலோ போடாதீர்கள். ஒரு கணு தப்பினாலும் நீர்நிலையில் வேர்விடக்கூடியவை அவற்றுள் பல. வெயிலில் சருகாகக் காயவைத்து உரக்குழியில் இடுங்கள். பெருகிய மீன்களையும் அளவுக்கு மீறி வளர்ந்த சக்கர் மீனையும் ஏரியில் விட்டால் புண்ணியம் என்று நினைப்போர் உண்டு. இப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் சென்னையின் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொண்டிருக்கின்றன. வலையில் சிக்கினால் அவற்றின் முள் வலையைக் கிழிப்பதால் மீனவர்களுக்கும் நட்டம். வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். கொளத்தூர்ப் பக்கத்துக் கடைகளில் விலை தராவிட்டாலும் வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.